பதினான்கும் நான்கும்: தமிழ்ச் சங்கங்களின் கல்லூரி வழிகாட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில், கொலு அழைப்புகளுக்கும் தீபாவளிக் கலைநிகழ்ச்சி ஒத்திகைகளுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமையைப் பிடித்து, அமெரிக்காவில் உள்ள நம் சங்கங்கள் பலவும் கல்லூரிச் சேர்க்கை வழிகாட்டிக் கூட்டம் நடத்துகின்றன. அரங்கு பிடிப்பது, பேச்சாளரை அழைப்பது, மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பது என்று எல்லாவற்றையும் நீங்கள் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள். அந்த உழைப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் குறை, அந்தக் கூட்டங்களில் தவறாமல் திரையில் வரும் ஒரு ஸ்லைடைப் பற்றியது.

விண்ணப்பித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது என்று காட்டும் இரண்டு கம்பங்கள். உயரமான கம்பத்தின் மேல் ‘ஏர்லி டிசிஷன்: 14%’ என்றிருக்கும். குட்டையானதன் மேல் ‘ரெகுலர்: 4%’. கீழே சிவப்பு எழுத்தில் ‘மூன்றரை மடங்கு வாய்ப்பு!’ அந்த ஆச்சரியக்குறிக்குத்தான் பெற்றோர் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அன்றிரவே வீட்டில் எந்தக் கல்லூரிக்கு ஏர்லி போடுவது என்ற பஞ்சாயத்து தொடங்கிவிடும். போடத்தான் வேண்டுமா, போட்டால் கையைவிட்டுப் போவது என்ன என்ற பேச்சு அந்தப் பஞ்சாயத்தில் எழுவதேயில்லை.

நான் நியூ ஜெர்சியில் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. வாரநாட்களில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விகிதங்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அது யார் யாரைச் சேர்த்து எண்ணியது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பேன். உங்கள் ஸ்லைடிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

புதிதாக இந்தப் பக்கம் வரும் பெற்றோருக்காக அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஏர்லி டிசிஷன் என்றால் நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு, ‘இடம் கொடுத்தால் கட்டாயம் வருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டு விண்ணப்பிப்பது. டிசம்பர் நடுவில் முடிவு தெரியும். இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும். ரெகுலர் என்பது ஜனவரியையொட்டி விண்ணப்பித்து, மார்ச் கடைசியில் முடிவு தெரிந்து, மே 1க்குள் பிடித்ததைத் தேர்ந்துகொள்வது. ஏர்லி ஆக்‌ஷன் வேறு வகை. முன்கூட்டியே முடிவு தெரியும், ஆனால் கட்டுப்பாடு கிடையாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை அதிலேயே சில நிபந்தனைகளைச் சேர்த்து, ‘வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்காதே’ என்கின்றன. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் நம் கூட்டங்களில் இவை மூன்றும் ஒரே பேச்சாகக் கலந்துவிடுகின்றன. பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

இப்போது அந்த 14ஐப் பார்ப்போம். எண்கள் வெளிப்படையாக இருப்பதால் பிரவுன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 இலையுதிர் காலத்தில் சேர்ந்த வகுப்புக்கு ஏர்லி டிசிஷனில் 6,244 பேர் விண்ணப்பித்தார்கள், 898 பேருக்கு இடம் கிடைத்தது. 14.4 சதவீதம். அந்த ஆண்டு மொத்த விண்ணப்பங்கள் 48,881, மொத்தம் இடம் கொடுக்கப்பட்டவர்கள் 2,521. ஏர்லியைக் கழித்தால் 42,637 பேரில் 1,623 பேர், அதாவது 3.8 சதவீதம். ஸ்லைடில் வரும் 14ம் 4ம் இப்படிப் பிறந்தவைதான். கணக்கு பொய் இல்லை.

ஆனால் அந்த 898 பேர் யார்? முதல் வரிசையில் விளையாட்டு வீரர்கள். கல்லூரிப் பயிற்சியாளர் பல மாதங்களுக்கு முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்து, மதிப்பெண்ணைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி, ‘ஏர்லியில் போடு’ என்று சொல்லிவைத்த பிள்ளைகள். பிரவுன் உள்ளிட்ட எட்டுப் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களை ஐவி கல்லூரிகள் என்பார்கள்; அவற்றில் ஒன்றில் இவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 200 என்பது வழக்கம். இவர்களுக்கு 14 சதவீதம் என்பதே பொருந்தாது, ஏறக்குறைய முடிந்த காரியம். (நம் சங்கக் கிரிக்கெட் கோப்பை இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) அடுத்த வரிசையில் லெகசி, அதாவது அதே கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளைகள். நம்மில் பெரும்பாலோர் அண்ணா பல்கலைக்கழகத்திலும் பி.எஸ்.ஜி.யிலும் ஏதோவொரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியிலும் படித்துவிட்டு வந்தவர்கள். பிரவுனில் நமக்கு லெகசி எங்கிருந்து வரும்? பிறகு பேராசிரியர்களின் பிள்ளைகள், பெருங்கொடையாளர்களின் பிள்ளைகள்.

ஒரு ஊகக் கணக்குப் போடுவோம். 200 விளையாட்டு வீரர்களை மேலிருந்தும் கீழிருந்தும் கழியுங்கள்: 6,044 பேரில் 698 பேர், 11.5 சதவீதம். லெகசி முதலான வகைகளில் 500 பேர் விண்ணப்பித்து 150 பேருக்கு இடம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இது நான் வைத்த எண், கல்லூரி சொன்னதல்ல. மிச்சம் 5,544 பேரில் 548 பேர். பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே நியூ ஜெர்சியின் எடிசனில் அரசுப் பள்ளியில் படிக்கும், தந்தை மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பையன் நிற்கும் வரிசை இதுதான். 14 அல்ல.

குட்டைக் கம்பத்தையும் விடக்கூடாது. ரெகுலர் வரிசையில் நிற்கும் 42,637 பேரில் பலர் ‘போட்டுத்தான் வைப்போமே’ என்று கட்டணத்தைக் கட்டியவர்கள். ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் இன்னொரு கல்லூரியைச் சேர்ப்பது அத்தனை எளிது. ஏர்லியில் விண்ணப்பிப்பவர்களோ அக்டோபருக்குள் கட்டுரை எழுதி முடித்து, தேர்வெழுதி முடித்து, ஆசிரியரிடம் கடிதமும் வாங்கிவிட்ட ஆயத்தமான கூட்டம். வரிசை வேறு, நிற்பவர்கள் வேறு. கட்டுப்பாடும் இல்லாமல் லெகசிச் சலுகையும் இல்லாமல் நடத்தும் எம்.ஐ.டி.யைப் பாருங்கள். இரண்டு பருவங்களில் எதற்கும் தாங்கள் முன்னுரிமை தருவதில்லை என்கிறார்கள். அங்கேயும் ஏர்லி ஆக்‌ஷன் விகிதம் 5 சதவீதத்தை ஒட்டியிருக்க, மார்ச்சில் முதன்முறையாகப் பரிசீலிக்கப்படுபவர்களின் விகிதம் அதைவிடக் குறைவாகத்தான் வருகிறது. சலுகையே இல்லாத இடத்தில்கூட வரிசையின் தரம் மட்டுமே ஒரு வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது. ஜார்ஜ்டவுனோ முன்கூட்டி விண்ணப்பிப்பவர்களின் விகிதம் ரெகுலரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதையே கொள்கையாக வைத்திருக்கிறது.

அப்படியானால் ஏர்லி டிசிஷனில் பலனே இல்லையா? இருக்கிறது. இதை மறைத்தால் நானும் அந்த ஸ்லைடைப் போலத்தான் ஆவேன். கிறிஸ்டஃபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்க்ஸ், ரிச்சர்ட் ஸெக்ஹவுசர் ஆகிய மூவரும் 14 முன்னணிக் கல்லூரிகளின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்து 2003ல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றாகவே இருந்தாலும், முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. தேர்வில் கூடுதலாக 100 மதிப்பெண் எடுத்ததற்குச் சமமான நன்மையைத் தருகிறது என்று கண்டார்கள். பழைய ஆய்வுதான், ஆனால் அந்த நன்மைக்கான காரணம் பழையதாகவில்லை.

காரணம் கல்லூரியின் தேவை. பிரவுனின் முதலாண்டு வகுப்பில் ஏறத்தாழ 1,700 இடங்கள். 898 பேருக்கு டிசம்பரில் கடிதம் அனுப்பினால் ஏறக்குறைய 898 பேரும் வந்துவிடுவார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே! மீதியுள்ள 800 சொச்சம் இடங்களை நிரப்ப 1,623 பேருக்குக் கடிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது. அவர்களில் பாதிப்பேர் வேறு கல்லூரியைத் தேர்ந்துகொண்டு போய்விடுவார்கள். கோடைக்குள் எத்தனை கட்டில், எத்தனை வகுப்பறை, எவ்வளவு கட்டண வருவாய் என்று கணக்குப் பார்க்கும் நிர்வாகத்துக்கு, டிசம்பரிலேயே பாதி வகுப்பு உறுதியாவது எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதிக்கு விலையாகத்தான் சேர்க்கையில் கொஞ்சம் இளக்கம் காட்டுகிறார்கள். கொடுக்கிறவரும் வாங்கிக்கொள்கிறவரும் இருக்கும் ஒரு வியாபாரம் இது. உங்கள் ஸ்லைடு வாங்குவதை மட்டும் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது.

கொடுப்பது என்ன? ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை. முகூர்த்தப் புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம். ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்ட ஒரு சரக்கை, வேறு கடையின் விலையைக் கேட்பதில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாங்குகிறோம்.

நான்கு ஆண்டுக்குச் சேர்த்துப் பெருக்குங்கள். எங்கள் நியூ ஜெர்சியிலேயே ரட்கர்ஸ் என்ற அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உள்மாநிலக் கட்டணத்தில் அது இதில் பாதிகூட ஆகாது. ஐவி கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. அங்கே உள்ளதெல்லாம் குடும்பத்தின் பணத்தேவையைப் பார்த்துத் தரும் உதவிதான். வேறு பல தனியார் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் தருகின்றன. ரெகுலரில் விண்ணப்பித்தவர் ஏப்ரலில் நான்கு கடிதங்களை மேசையில் பரப்பி வைத்து, ‘அந்தக் கல்லூரி இவ்வளவு தருகிறது, நீங்கள் மறுபடி பார்க்க முடியுமா’ என்று கேட்கலாம். கேட்டு வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. ஏர்லி டிசிஷனில் அந்த மேசையில் ஒரே கடிதம்தான். பேரம் பேசப் பிடிமானம் கிடையாது.

பண உதவிக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று நம் கூட்டங்களில் விரிவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். முன்னணித் தனியார் கல்லூரிகள் பல அரசின் ஃபாஃப்ஸா படிவத்தோடு நிற்பதில்லை, சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் கேட்கின்றன. அதில் குடியிருக்கும் வீட்டின் மதிப்பும் வரும். வேறு சொத்து என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்வியில், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் திருச்சிப் பக்கம் வாங்கிப்போட்ட மனை நம் வீட்டு மேசைக்கு வந்து உட்காரும். கிரயப்பத்திரம் எங்கே, வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, டாலரில் எவ்வளவு எழுதுவது என்று ஊருக்கு அர்த்தராத்திரியில் தொலைபேசிப் பேச்சு. மாதாமாதம் அம்மா அப்பாவின் மருந்துக்கும் வீட்டோடு இருக்கும் உதவியாளருக்கும் அனுப்பும் பணத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? சிறப்புச் சூழ்நிலை என்ற பகுதியில் எழுதலாம். எழுதியதைக் கணக்கில் எடுப்பதும் விடுவதும் அந்தந்த அலுவலகத்தின் பொறுப்பு.

இதில் முக்கியமான சங்கதி, ஒரே குடும்பத்தின் ஒரே எண்களை வைத்துக்கொண்டு கல்லூரிக்குக் கல்லூரி வேறு விடை வருவதுதான். குடியிருக்கும் வீட்டின் மதிப்பைப் பிரின்ஸ்டன் பார்ப்பதில்லை. சில கல்லூரிகள் முழுவதும் பார்க்கின்றன, சில வருமானத்தை வைத்து வரம்பு கட்டுகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2025–26 முதல் வீட்டின் மதிப்பை விட்டுவிட்டது. ஆண்டுக்கு 200,000 டாலர் வரை வருமானமும் அதற்கேற்ற வழக்கமான சொத்தும் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்திருக்கிறது. பென் ஏர்லி டிசிஷன் கல்லூரி. இப்படி விதி தெளிவாக இருக்கும் இடத்தில், கையெழுத்துப் போடுமுன்பே விலை ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. தெளிவில்லாத இடத்தில் இரண்டு கல்லூரிகளுக்கிடையே ஆண்டுக்கு 15,000 டாலர் வேறுபட்டாலே நான்கு ஆண்டில் 60,000 டாலர்.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உதவி போக நாம் கட்ட வேண்டிய நிகரச் செலவைக் கணிக்கும் கால்குலேட்டர் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். ஏர்லி போட நினைக்கும் வீட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முந்தைய ஆண்டு வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்து, கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும், பாதித் தலைவலி போய்விடும். சொந்தத் தொழிலோ வாடகை வருமானமோ உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் கணிப்பு தடம் புரளும். அவர்கள் நேரடியாக நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

‘பண உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாமே’ என்பார் உங்கள் பேச்சாளர். உண்மைதான், அப்படி விலக இடம் தருகிறார்கள். ஆனால் டிசம்பர் 15ஐ ஒட்டி முடிவு வந்து, உதவிக் கடிதத்தைப் படித்து, மறுபரிசீலனை கேட்டு, பதிலும் வந்து, பிறகு விலகுவதற்குள் மற்ற கல்லூரிகளின் ஜனவரிக் கெடு வாசலில் நிற்கும். பிள்ளை கிறிஸ்துமஸ் விடுமுறையில் எட்டுக் கட்டுரை எழுத வேண்டும். போதவில்லை என்பதும் நாம் சொல்லிவிட்டால் முடிந்துபோவதில்லை. ‘எங்கள் கணக்குப்படி உங்களால் கட்ட முடியும்’ என்றுதான் அவர்கள் பேசத் தொடங்குவார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து மூன்று: மாணவர், பெற்றோர், பள்ளியின் வழிகாட்டி ஆலோசகர் (கவுன்சிலர்). மூன்றாவது கையெழுத்தை யாரும் கவனிப்பதில்லை. நியாயமான காரணம் இல்லாமல் ஒரு பிள்ளை வாக்கை மீறினால், கல்லூரி அந்தப் பள்ளியை முறைத்துப் பார்க்கும். 2025ல் செய்தித்தாள்களில் வந்த ஒன்று: டுலேன் பல்கலைக்கழகம், மாணவர் ஒருவர் ஏர்லி டிசிஷன் இடத்தை விட்டுப் போனதற்காக, கொலராடோவில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் பிள்ளைகள் ஓராண்டுக்கு ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கத் தடை விதித்தது. செய்தது ஒருவர், தண்டனை அடுத்த ஆண்டு வகுப்புக்கு. நீதிமன்றம் போய் நிறைவேற்றக்கூடிய ஒப்பந்தம் இல்லை இது என்பார்கள். நீதிமன்றம் எதற்கு, இது போதாதா?

இந்த முறை சரியில்லை என்பது அமெரிக்கர்களுக்கே தெரியாத ரகசியமும் அல்ல. யேல் தலைவராக இருந்த ரிச்சர்ட் லெவின் 2001லேயே இதைக் கைவிட்டால் நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டே யேலும் ஸ்டான்ஃபோர்டும் கட்டுப்படுத்தும் முறையை விட்டுவிட முடிவெடுத்தன. 2006ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் முன்கூட்டிய சேர்க்கையையே மூட்டை கட்டின. ஏழைப் பிள்ளைகளுக்கும் வழிகாட்ட ஆளில்லாத பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் இது பாதகம் என்பது அவர்கள் சொன்ன காரணம். மற்றவர்கள் பின்தொடரவில்லை. ஐந்து ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு 2011ல் மூவரும் ஏதோவொரு வடிவில் திரும்பி வந்தார்கள். வர்ஜீனியா 2019ல் பழைய ஏர்லி டிசிஷனையே மறுபடி கொண்டுவந்தது. தனியாக ஒருவர் நல்லவராக இருந்தால் நல்ல மாணவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்தான் வேறென்ன.

2019ல் இன்னொன்றும் நடந்தது. சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம், ஏர்லி டிசிஷன் மாணவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை காட்டிக் கல்லூரிகள் ஆள் பிடிக்கக்கூடாது என்ற விதியைத் தன் நெறிமுறையில் வைத்திருந்தது. அது போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) சொல்ல, அந்த விதி நீக்கப்பட்டது. அதன்பின் விடுதியில் நல்ல அறை, முன்னுரிமைப் பதிவு என்று ஆசை காட்டத் தடை இல்லை. 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகள் மீது மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. ஏர்லி டிசிஷன் மூலம் ஒருவர் மாணவரை மற்றவர் தொடாமல் இருந்து, விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பது புகார். ஒப்பிடும் உரிமையைப் பறிப்பதைப் பற்றி நான் மேலே சொன்னதைத்தான் வழக்கறிஞர்கள் சட்ட மொழியில் சொல்கிறார்கள்.

யார் போடலாம் என்று கேட்டால் என் கருத்து இது. முழுச் செலவையும் கடன் வாங்காமல், தூக்கம் கெடாமல் கட்டக்கூடிய குடும்பம் தாராளமாகப் போடலாம். நம் சங்கங்களில் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு ஒப்பிடுவதால் பெரிய லாபமும் இல்லை. வருமானம் மிகக் குறைந்த குடும்பம், தேவை முழுவதையும் ஈடுகட்டுவதாக உறுதி சொல்லும் கல்லூரிக்குப் போடலாம். அங்கே கால்குலேட்டர் சொல்லும் தொகை பெரும்பாலும் மாறாது. மாட்டிக்கொள்வது இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். வீட்டில் இரண்டு சம்பளம், ஆனால் வீட்டுக் கடன் பாக்கி, இரண்டாவது பிள்ளை ஒன்பதாம் வகுப்பில், ஊரில் மனை, விசா நிலை ஊசலாட்டம். படிவத்தைப் பார்த்தால் பணக்காரர், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் வேறு கதை. நம் கூட்டத்தில் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தான். ஸ்லைடைப் படம் பிடிப்பவர்களும் இவர்கள்தான்.

எந்தக் கல்லூரிக்குப் போடுவது என்பதிலும் ஸ்லைடு தவறான பக்கம் தள்ளுகிறது. மூன்றரை மடங்கு என்றதும் எட்டாத கல்லூரியில் அதைச் செலவழிக்கத் தோன்றுகிறது. பூஜ்யத்தை மூன்றரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பிள்ளையின் மதிப்பெண்ணும் செயல்பாடுகளும் கல்லூரியில் சேர்ந்தவர்களின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும் இடத்தில்தான், ‘நான் கட்டாயம் வருவேன்’ என்ற வாக்கு தராசை உண்மையாகவே சாய்க்கும். பெரும்பாலும் அது தரமான சிறு கலை அறிவியல் கல்லூரியாக இருக்கும். பெயரைச் சொன்னால் மாமாவுக்கும் சித்திக்கும் தெரியாது என்பதால் நம் வீடுகளில் அது பட்டியலிலேயே ஏறுவதில்லை!

டிசம்பரில் மறுக்கப்பட்ட பிள்ளைகளிடம் உடனே நீட்டப்படும் இரண்டாம் ஏர்லி டிசிஷனைப் பற்றியும் எச்சரித்தாக வேண்டும். சிகாகோ, வாண்டர்பில்ட், நியூயார்க் பல்கலைக்கழகம், எமரி, டஃப்ட்ஸ் என்று பலரும் ஜனவரித் தொடக்கத்தில் இன்னொரு சுற்று வைத்திருக்கிறார்கள். சுற்று நல்லதா கெட்டதா என்பது வேறு. இரண்டு வாரத்துக்குள், முதல் மறுப்பின் வலி ஆறுமுன், அதுவரை வளாகத்தையே பார்த்திராத கல்லூரிக்கு நான்கு ஆண்டை எழுதிக்கொடுப்பது பிள்ளையின் முடிவல்ல, வீட்டின் பதற்றம். அந்த வாரத்தில் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து அவசரப்படுத்தும் தனியார் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் மேடைகளிலும் பேசியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் அண்ணன் மகள், அக்கா மகன் பற்றிக் கேட்டு வரும் அழைப்புகளுக்கு நம்மில் பலரும் இதே ஸ்லைடை அனுப்பிவைக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். அவர்கள் விஷயம் முற்றிலும் வேறு. வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டால் அது சேர்க்கையைப் பாதிக்காது என்று சொல்லும் கல்லூரிகள் மிகச் சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், பவ்டன், பிரவுன், நோட்டர் டாம் போன்றவை. கொலம்பியா, கோர்னெல், பென் முதலிய மற்ற இடங்களில், எவ்வளவு கேட்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அங்கே ஏர்லியின் பலனைப் பண உதவிக் கோரிக்கை விழுங்கிவிடக்கூடும். நிகரச் செலவுக் கால்குலேட்டர்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, அங்கே உதவாது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரி, மார்ச்சில்தான் என்பதால் நவம்பரில் காட்டப் பள்ளி தரும் உத்தேச மதிப்பெண்தான் இருக்கும்.

இனி உங்களிடம் கேட்பவை. சதவீதம் காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள், ஆனால் அதன் அடியில் இருக்கும் ஆட்களையும் காட்டுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் அறிக்கையில் சி21 என்ற பகுதியில் ஏர்லி டிசிஷனுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். கல்லூரியின் பெயரோடு அந்தச் சொற்களைத் தேடினால் கிடைத்துவிடும், எந்த ஆலோசகருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. பெற்றோர் தாங்களே அதைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மேடையேறும் பேச்சாளர் எதற்குக் கட்டணம் வாங்குகிறார், எவ்வளவு வாங்குகிறார் என்பதைப் பேச்சு தொடங்குமுன் சபைக்குச் சொல்லச் சொல்லுங்கள். சங்கத்தின் பெயரை நம்பித்தான் பெற்றோர் அவருடைய அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள்.

பணத்தைப் பற்றிய பேச்சைப் பெற்றோர் மட்டும் இருக்கும் தனி அமர்வாக வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது ‘எங்களால் இவ்வளவுதான் முடியும்’ என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. அந்த அமர்வில் வரி ஆலோசகர் ஒருவர், கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் ஒருவர் இருந்தால் நல்லது. நம் சங்கங்களில் தேடினால் இருவரும் கிடைப்பார்கள்.

கூட்டத்தின் தேதியையும் மாற்றியாக வேண்டும். நவம்பர் 1 கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடத்தும் கூட்டம் பதற்றத்தைத்தான் பகிர்ந்தளிக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை மே மாதத்தில் கூப்பிடுங்கள். அப்போது அந்த ஆண்டின் வருமான வரிப் படிவம் கையில் இருக்கும், கோடையில் வளாகங்களைப் போய்ப் பார்க்க நேரம் இருக்கும், கையெழுத்துப் போடாமலிருக்கவும் நேரம் இருக்கும். எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா மே முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த சனிக்கிழமை அந்த அரங்கு காலியாகத்தான் இருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது, முன்பதிவுப் படிவத்தை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை